ஆறு பார்க்கப் போனவர்

05.01.2006, வியாழன்

விடியப் பெருமழை. பிறகு வெயில். பிறகு திரும்பவும் மழை. ஒட்டுசுட்டான் சந்தியில் சைக்கிள் செயின் கழன்றது. இரண்டு கையும் எண்ணெய். அந்தக் கோலத்தோடுதான் கிளினிக்.

நிறுக்கிற தராசு இன்னும் திருத்தவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறது. தாய்மாருக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு மட்டும் கவலை.

புதிதாக வந்த பெட்டை ஒருத்தி மூன்று மாதம் என்றாள். வயிறு ஐந்து என்கிறது. ஒரு கேள்விதான் கேட்டேன், அழத் தொடங்கிவிட்டாள். குடும்பநல மாது வேலையில் முதலில் பழகுவது இதைத்தான். ஆட்கள் சொல்வதைக் கொப்பியில் எழுத வேண்டும், நம்புவதைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருப்பதில்லை. அதுதான் கரைச்சல்.

வீட்டுக்கு வந்தால் இவர் கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். வவுனியாவுக்குப் போய்ப் பல் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்றல்ல, நாலு. மூக்குக் கண்ணாடியும் புதிது. இரண்டு சோடி.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பல் அடைத்து, கண்ணாடியும் இரண்டாகச் செய்வித்தால் அதற்கு ஒரு கருத்துத்தான் இருக்கிறது. வெளிநாட்டில் பல்லுக்குக் கை வைத்தால் கொள்ளை விலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கனடாவுக்குப் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான். முதலில் பல், பிறகு கண்ணாடி, பிறகு ஆளைக் காணவில்லை.

கேட்டேன்.

"பல்லு நொந்தது" என்றார்.

நாலும் ஒன்றாக நொந்ததாம்.

08.01, ஞாயிறு

மழை இல்லை. உடுப்புத் தோய்த்தது. மிளகாய் காயப் போட்டது. கோழி ஒன்றைக் காணவில்லை, கீரியோ மனிதரோ தெரியாது.

16ஆம் திகதி இவருக்குப் பயணம். இது மூன்றாவது. முத்தையன்கட்டுக் குளம் இவருடைய பொறுப்பு, நீர்ப்பாசன அலுவலகத்தில் உத்தியோகம். வருசம் முழுக்க ஒரு நாள் லீவு எடுக்கமாட்டார். சேர்ந்த லீவை எல்லாம் மாரி ஓய்ந்த பிறகு ஒரேயடியாக எடுத்து, ஒரு முதுகுப் பையோடு தனிய ஏதாவது ஒரு நாட்டுக்குப் போவார். பின்னேரங்களில் சனத்துக்கு வீட்டுப் படம் கீறிக் கொடுத்துச் சேர்க்கிற காசு இதற்குத்தான். போய் என்ன செய்வார்? பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து திங்கட்கிழமை வேலைக்குப் போவார்.

முதல் தரம் இந்தியா. சனம் தலயாத்திரை என்றது. அடுத்தது நேபாளம். அங்கேயும் சிவன் கோயில் இருக்கிறது, சரி. இந்த முறை வியட்நாம். மெக்கொங் என்ற ஆறு கடலில் விழுகிற இடத்தைப் பார்க்க வேண்டுமாம். போய்க் கும்பிட ஒரு கோயில் இல்லை, சொந்தக்காரர் இல்லை. இப்படி ஒரு நாட்டுக்கு ஏன் ஒரு மனிதர் போகிறார்? ஊருக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் விளங்கவில்லை.

எங்களுக்கு வெளிநாடு போவது என்றால் போவதுதான். திரும்பி வருவது அதற்குள் இல்லை.

அண்ணா நெடுங்கேணியில் இருந்து டிரக்டரில் வந்தார். கையில் ஒரு பொதி. மிளகாய்த்தூள், ஒடியல் மா, பாரைக் கருவாடு. ரொறொன்ரோவில் இருக்கிற தன் மச்சினனுக்காம்.

"நான் வியட்நாமுக்கு எல்லோ போறன் மச்சான்" என்றார் இவர்.

"ஓமோம். அதாலதானே போறது. ஆர் ஏஜென்சி? கொழும்பாளோ?"

"ஏஜென்சி இல்லை. நான் தனியத்தான்."

அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "எனக்குச் சொல்லாட்டிக் காரியமில்லை. தங்கச்சிக்கெண்டாலும் சொன்னனியோ?"

இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

11.01, புதன்

பனி. மகள் ஆரணிக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது.

எழுதிப் பார்க்கிறேன்.

பல்.
கண்ணாடி.
ஆரணியின் பிறப்புச் சான்றிதழ், இங்கிலீசில் மொழிபெயர்த்தது. நான் கேட்கவில்லை. அலுமாரியில் துணிக்கு அடியில் கண்டேன்.
எங்கள் கலியாண எழுத்து, அதுவும் அப்படியே.
தண்ணீர் இறைக்கிற மெசினை எப்படி இயக்குவது என்று எனக்குப் படிப்பித்தது. இவ்வளவு காலமும் என்னைக் கிட்டப் போகவும் விடாத மெசின்.
வேலி அடைக்க ஆர் வருவார், கூரைக்கு ஆரைக் கேட்பது, எல்லாம் சொல்லித் தந்தது.

வேறு ஒருத்தி என்றால் கேட்டுவிடுவாள். நான் கேட்கமாட்டேன். போவதென்றால் போகட்டும். அதற்காக எனக்கே ஒளிப்பதா? ஊர் முழுக்க வயிற்றைப் பார்த்து மாதம் சொல்கிறவளுக்கு, தன் வீட்டில் நடப்பது தெரியாது என்று நினைக்கிறாரா? அதுதான் வயிறு எரிகிறது.

14.01, சனி. பொங்கல்

நல்ல வெயில். பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. இவருக்குச் சந்தோசம். எனக்கு அரிசி கொஞ்சம் அடிப்பிடித்தது.

ரபீக் நானாவும் சுபைதாவும் வந்தார்கள். துணி வியாபாரம். வவுனியாவில் இருந்து சின்ன லொறியில் சாமான் ஏற்றி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு என்று வருவார்கள். சுபைதா முல்லைத்தீவில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். தொண்ணூறில் இயக்கம் சொல்லி முஸ்லிம் சனம் முழுக்க ஆளுக்கு ஒரு பையோடு வெளிக்கிட வேண்டி வந்தது. சமாதானம் வந்த பிறகுதான் திரும்பக் கண்டுகொண்டோம். இரண்டு பேரும் பொங்கல் சாப்பிட்டார்கள்.

நானா ஒரு தடித்த குளிர்ச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார். இவர் சொல்லி வைத்ததாம்.

"நானா, வியட்நாமில குளிரோ?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும் தங்கச்சி? என்னட்ட இந்தச் சட்டை வாங்கின ஆக்கள் ஒருத்தரும் திரும்பி வந்து குளிர் எப்பிடி எண்டு சொல்லேல்ல."

இவர் அதற்கும் சிரிக்கிறார். வடக்குப் பக்கத்தில் தை மாதம் குளிர்தானாம். படம் ஒன்றை விரித்து விரலால் காட்டினார். எந்த நாட்டிலும் வடக்குப் பக்கம் என்று ஒன்று இருக்கும்தானே.

குசினிக்குள் அடுப்படியில் சுபைதா: "நேராக் கேளு புள்ள. மனசுக்குள்ள வெச்சு வேகாத."

கேட்கலாம். "இல்லை" என்பார். பிறகு அந்த "இல்லை"யையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டும்.

16.01, திங்கள்

விடியக் காலைப் பஸ். இருட்டும் பனியும்.

வழியனுப்ப இவ்வளவு சனம் வரும் என்று நான் நினைக்கவில்லை. யாரோ செத்த வீட்டுக்கு வந்தது மாதிரி ஆளாளுக்குக் கையைப் பிடிக்கிறார்கள். ஒரு கிழவர் விபூதி பூசினார். எங்கள் மிளகாய்த் தோட்டத்தைப் பார்க்கிற மாணிக்கம், மலைநாட்டில் இருந்து வந்து இங்கே குடியேறின ஆள், நல்ல மனிதன். அவன் கூட: "ஐயா, அந்த மோட்டார் சைக்கிள் இனிச் சும்மாத்தானுங்களே நிக்கும்?"

"ஏன் நிக்குது? எட்டாம் திகதி நான் வந்திருவன்."

"சரிங்க ஐயா" என்றான் மாணிக்கம், சொல்லக்கூடாததைக் கேட்டுவிட்டவன் மாதிரி.

ஆரணி அழுதாள். நான் அழவில்லை. இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வெளிக்கிடும்போது திரும்பிப் பார்க்கிறாரா என்று. பார்த்தார், கையும் காட்டினார். ஒரு நிமிசம் கூடுதலாகப் பார்த்தாரோ என்று இப்போது யோசிக்கிறேன்.

19.01, வியாழன்

வானம் மூடம். வீடு வீடாகப் போகிற நாள்.

பின்னேரம் எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். இயக்கத்தில் இருந்து ஒரு பெடியன், ஒரு பெட்டை. பெயர் பதிகிறார்கள். தற்காப்புப் பயிற்சிக்காம். பக்கத்து ஒழுங்கை முழுக்க எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். மரியாதையான பிள்ளைகள். செருப்பை வெளியில் கழற்றினார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது?

ஆரணிக்கு மாசியோடு பதினாறு முடிகிறது, அடுத்த மாதம். ஆள் எலும்பும் தோலும்.

"பதினாலு" என்றேன்.

அந்தப் பெட்டை ஆரணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கே ஆரணியைவிட ஒரு வயது கூட இருந்தால் பெரிய காரியம். கையில் பேனை பிடித்த இடத்தில் காய்ப்பு இல்லை, வேறு இடத்தில் இருந்தது. பிறகு எழுதினாள்.

"அப்பா எங்கை?"

"வெளிநாடு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரும்பவும் வருவார்களாம்.

ஆரணிக்குச் சொல்லி வைத்தேன். ஆர் கேட்டாலும் பதினாலு. "பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் தெரியுமே அம்மா" என்றாள். தெரிந்தவர்கள் சொல்லட்டும். நாங்கள் சொல்லக்கூடாது.

இலட்சுமி வீட்டுக்கும் போனேன், மாணிக்கத்தின் பெண்சாதி. நிறைமாதம், கால் வீங்கி இருக்கிறது. "ஐயா போய்ச் சேந்துட்டாருங்களா மிஸி? எங்க எறங்கினாரு, லண்டனா?" என்று கேட்கிறாள்.

22.01, ஞாயிறு

புதுக்குடியிருப்புக்குப் போனேன், கொமினிக்கேசனுக்கு, வெளிநாட்டு ரெலிபோன் வருகிற கடை. பத்து மணிக்கு இவர் அங்கே ரெலிபோன் எடுப்பதாகச் சொன்னவர். கடை வாங்கில் என்னைப்போல இன்னும் ஐந்தாறு பெண்கள். எல்லோருக்கும் மணியடிக்கிற பக்கமே கண்.

எடுத்தார். குரல் தகரத்துக்குள் இருந்து வந்தது மாதிரி.

"இஞ்ச நல்ல வெயில். ஆற்றில படகுச் சந்தை. படகிலயே மரக்கறி, படகிலயே சமையல். நீரும் ஒருக்கா வந்து பார்க்க வேணும். கலங்கல் தண்ணி, எங்கட குளத்தில முதல் மழைக்கு வாற மாதிரி."

ஆரணிக்குப் பெயர் பதிய வந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். கடைக்காரன் பக்கத்தில் நிற்கிறான், அந்த வாங்கில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் காது. விழுங்கிவிட்டேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு ஆண் குரல். தெளிவான தமிழ். "அண்ணே, கெளம்பலாமா?"

"ஆர் அது?"

"மலேசியாக்காரர். பஸ்ஸில சந்திச்சது. நல்ல மனிசன்."

வைத்துவிட்டார்.

வியட்நாமில் தமிழ். பஸ்ஸில் சந்தித்தாராம். போன எல்லோரையும் வழியில் ஒரு "நல்ல மனிசன்" வந்து கூட்டிக்கொண்டு போகிறவன்தான். அண்ணாவின் மச்சினனைப் பாங்கொக்கில் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான், அவனும் நல்ல மனிசன்தான்.

வரும்போது பஸ்ஸில் இருக்க இடம் இல்லை. நின்றுகொண்டே வந்தேன். கால் நோகவில்லை, மனம்தான்.

29.01, ஞாயிறு

வெயில். அதே வாங்கு. அதே பெண்கள்.

பத்து மணி. எடுக்கவில்லை. பன்னிரண்டு வரைக்கும் இருந்தேன். கடைக்காரன் ஒரு சோடா தந்தான், காசு வேண்டாம் என்றான். அந்த இரக்கம்தான் தாங்கமுடியவில்லை.

31.01, செவ்வாய்

இனிச் சந்தேகம் என்று சொல்லவும் தேவையில்லை.

அண்ணா வந்தார். எடுக்காததைச் சொன்னேன். "அப்ப சரி" என்றார், வலு சந்தோசமாக. "நடுவழியில நிக்கிறான் எண்டு அர்த்தம். நடுவழியில எடுக்க விடமாட்டாங்கள். ஒரு மாதம், ரெண்டு மாதம் போகும். பிறகு பார், கனடாவோ சுவிசோ."

கத்தினேன். எனக்குச் சொல்லாமல் போவதற்கு நான் ஆர், வேலைக்காரியா? ஒரு வார்த்தை. "இப்படிச் செய்யப் போறன், நீர் சமாளியும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறித்திருப்பேனா?

"சொன்னா நீ சந்தைக்குள்ள சொல்லிப்போடுவாய் எண்டு நினைச்சிருப்பான்" என்றார் அண்ணா.

நான்! ஊரில் எத்தனை பெட்டைகளின் வயிறு என் வாய்க்குள் கிடக்கிறது!

சமைக்கவில்லை. ஆரணி பாண் வாங்கி வந்தாள்.

02.02, வியாழன்

பனி விட்டுவிட்டது. கிளினிக். தராசு திருத்தி வந்திருக்கிறது. இப்போது எல்லாப் பிள்ளைகளும் மெலிந்துவிட்டார்கள், தாய்மார் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

வேலை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது இன்றைக்கு ஒரு யோசனை. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒழுங்கைக்குள் இரண்டு வீட்டில் பெட்டைகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பதினாறு, பதினேழு. ஏன் இந்த அவசரம் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. தாலி கட்டினால் பயிற்சிக்கு எடுக்காமல் விட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை.

இவர் போய்ச் சேர்ந்துவிட்டால்? அந்தச் சான்றிதழ்கள், கலியாண எழுத்து எல்லாம் எங்களைக் கூப்பிடத்தான். முதலில் ஆரணி. சின்னப் பிள்ளைக்குக் கெதியில் விசா கொடுப்பார்களாம்.

அப்படி நினைத்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினது. எனக்குச் சொல்லாமல் போனவர், எங்களுக்காகத்தான் போயிருக்கிறார். நான்தான் மோட்டு மனிசி.

ஆரணிக்குச் சொன்னேன்.

"அப்பா எங்களைக் கூப்பிடுவார்."

"அப்பா எட்டாம் திகதி வருவன் எண்டவரே?"

"அது சும்மா. ஆரும் கேட்டால் சொல்லுறதுக்கு."

அவள் நம்பவில்லை. தகப்பன் மாதிரி. ஒருவர் ஒன்று சொன்னால் அதுதான் உண்மை என்று இருக்கிற ரத்தம்.

04.02, சனி

ஆரணியை வவுனியாவுக்குக் கூட்டிப் போனேன். பாஸ்போர்ட் அளவில் படம் எடுத்தோம், அவளுக்கும் எனக்கும். கடைவாய்ப் பல்லில் அவளுக்கு ஒரு ஓட்டை, அதையும் அடைப்பித்தேன். வைத்தியர் கேட்டார், "எந்த நாடு?"

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசை நீளம். ஆமி ஒரு பக்கம், இயக்கம் ஒரு பக்கம், பையை இரண்டு பக்கமும் கொட்டிப் பார்த்தார்கள். வரும்போது பெண் ஒருத்தி ஆரணியின் அடையாள அட்டையைக் கேட்டாள். இன்னும் எடுக்கவில்லை என்றேன், பதினாலுதான். சொல்லச் சொல்ல அந்தப் பொய் உண்மையைவிட நன்றாக வாயில் வருகிறது.

படத்தில் ஆரணி சிரித்திருக்கிறாள். சிரிக்கக்கூடாது என்று சொன்னது கேட்கவில்லை.

08.02, புதன்

வெயில். இலட்சுமிக்கு இன்னும் வலி இல்லை.

வந்துவிட்டார்.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கி, அதே பையோடு, அதே செருப்போடு, படலையைத் திறந்துகொண்டு வருகிறார். முகம் கறுத்து, தாடி. என் கையில் அரிசிச் சுளகு. ஆரணி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

என்னுடைய முதல் நினைப்பு என்ன என்பதை எழுத வேண்டும், இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்தது, ஐயோ, இனி ஆரணி என்ன செய்வாள் என்று. சந்தோசம் மூன்றாவதாகத்தான் வந்தது, அதுவும் கொஞ்சம்.

போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு அவர்களுக்கு வருசப்பிறப்பாம். கடை கண்ணி ஒரு கிழமை பூட்டு. ரெலிபோன் கடையும் பூட்டு. அவ்வளவுதான் விசயம்.

மலேசியாக்காரர் மலேசியாவுக்குப் போய்விட்டாராம். பள்ளிக்கூட வாத்தியாராம்.

09.02, வியாழன்

இவர் விடியவே வேலைக்குப் போய்விட்டார். குளக்கட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையாம்.

சந்தையில்:

"எங்க பிடிச்சவங்களாம்?"

"பாங்கொக்கில எண்டு கேள்வி."

"பாவம் மிஸி. காசும் போச்சு."

"திரும்பவும் அனுப்பலாம், வேற ஏஜென்சியைப் பிடியுங்கோ."

அண்ணா கருவாட்டுப் பொதியைத் திரும்ப எடுக்க வந்தார். இவரைப் பார்த்து, "என்ன மச்சான், சரிவரேல்லையோ?" என்றார். இவர் ஆற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், சாவீட்டில் கேட்கிற மாதிரி.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் மறித்து வைத்தார்களாம். எங்கே போனாய்? வியட்நாம். ஏன்? ஆறு பார்க்க. இங்கே ஆறு இல்லையா? ஓமந்தை தாண்டின பிறகு இந்தப் பக்கத்திலும் அதே கேள்விகளாம், அதே ஒழுங்கில். இவர் இரண்டு பேருக்கும் படகுச் சந்தைப் படத்தைக் காட்டினாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் கேட்டேன். "ஏன் வந்தனீங்கள்?"

பகிடி என்று நினைத்தார். "லீவு முடிஞ்சுதே."

"பல்லு? கண்ணாடி? அந்தச் சான்றிதழ்?"

"பல்லு நொந்தது எண்டு சொன்னன்தானே. கண்ணாடி ஒண்டு ஆற்றில விழுந்தா மற்றது. சான்றிதழ் அடுத்த முறைக்கு. மூண்டு பேருமாப் போவம் எண்டு நினைச்சன், உமக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனான். விசாவுக்குக் கேப்பாங்கள்."

அந்த முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எல்லாம் சொன்னபடிதான். இந்த மனிதர் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும்.

"நிண்டிருக்கலாமே! நிண்டு எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே! உலகமே நிக்கிறதுக்குப் போகுது, நீங்கள் பார்க்கிறதுக்குப் போறீங்கள்!"

விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு இஞ்ச வேலை இருக்கே" என்றார். "நீங்கள் இருக்கிறீங்களே."

அதற்குப் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை.

10.02, வெள்ளி

கதைக்கவில்லை. சாப்பாடு போட்டேன். சட்டைக்கு இஸ்திரிக்கை போட்டேன். தோட்டத்துக்குத் தண்ணீர் நானே மெசின் இயக்கி விட்டேன், அவர் பார்த்துக்கொண்டு நிற்க.

11.02, சனி

இலட்சுமிக்கு விடிய வலி. பின்னேரம் வரைக்கும் அவள் பக்கத்தில். பெண் குழந்தை. தலைமயிர் அடர்த்தி. மாணிக்கம் அழுதான், சிரித்தான்.

களைத்து வந்தேன். முற்றத்தில் கதிரைகள் போட்டிருக்கிறது. தேத்தண்ணிக் கோப்பை மூன்று. வாழையிலையில் வியட்நாம் தேங்காய் இனிப்பு. இவர் உற்சாகமாக இருக்கிறார்.

"பெயர் பதியிற பிள்ளையள் வந்தவை. நல்ல பிள்ளையள். அந்தப் பெட்டைக்கு ஆற்றுப் படம் எல்லாம் நல்லாப் பிடிச்சுப்போச்சு. படகில எப்பிடி அடுப்பு மூட்டுறவை எண்டு கேட்டாள்."

சுளகு வாசலில் கிடந்தது. அதை எடுத்துச் சுவரில் சாத்தினேன். கையில் ஏதாவது பிடித்திருக்க வேண்டும் போல.

"என்ன கேட்டவை?"

இரண்டு நாளுக்குப் பிறகு நான் அவரோடு கதைத்த முதல் சொல் அது.

"வயசுதான். ஆரணிக்கு இந்த மாதத்தோட பதினாறு முடியுது எண்டு சொன்னன். பெட்டை எழுதாமல் ஒருக்காப் பார்த்தாள். 'அம்மா பதினாலெண்டவா' எண்டாள். நான் சிரிச்சுப்போட்டுச் சொன்னன், தாய்மாருக்குப் பிள்ளையள் வளருறது கண்ணுக்குத் தெரியிறேல்லை எண்டு."

படியில் இருந்துவிட்டேன்.

நான்தான் சொல்லவில்லை. வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். யாரையோ எல்லாம் சந்தேகப்பட்டேன், சொல்ல வேண்டியவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

சொன்னேன். ஏன் பதினாலு என்று சொன்னேன், ஒழுங்கையில் ஏன் கலியாணம் பேசுகிறார்கள், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே போய் வாழையிலையில் கிடந்த இனிப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேணிக்குள் போட்டார். பேணியை மூடினார். பிறகு மூடியைக் கழற்றித் திரும்பவும் மூடினார்.

"நல்ல பிள்ளையள்" என்றார், மெல்ல.

"ஓம். அந்தப் பெட்டைக்கும் தாய் ஒருத்தி இருப்பா."

12.02, ஞாயிறு

நல்ல வெயில். நல்ல வெயிலாக இருப்பதுவே பிடிக்கவில்லை.

வவுனியாவில் இவருடைய தங்கச்சி இருக்கிறா, ஓமந்தைக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் கை எட்டாத இடம். பெண்கள் பள்ளிக்கூடம் பக்கத்தில், விடுதியும் உண்டு. நாளைக்கு ரபீக் நானாவின் லொறி முல்லைத்தீவில் இருந்து திரும்புகிறது. நானே கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் போன கிழமைதான் போய் வந்தேன், திரும்பவும் போனால் கண் குத்தும். இவர் போனால் இன்னும் மோசம், வெளிநாடு போய் வந்தவர். மாமி வீட்டில் கலியாணம், பிள்ளை முதலில் போகிறாள், நாங்கள் பிறகு போவோம் என்று சொல்வதாக முடிவு.

சந்தையில் சுபைதாவைப் பிடித்துச் சொன்னேன். "நடுவுல இருத்திக் கூட்டிப் போறன் புள்ள. ஒரு பையோட வெளிக்கிடுறது எங்களுக்குப் புதுசா?" என்றாள்.

ஆரணி மறுத்தாள். "அப்பா போய்ப் போய் வாறார். நான் மட்டும் ஏன் போய் நிக்க வேணும்?" பிறகு அவளே போய் அழுக்கு உடுப்புகளைத் தோய்க்கப் போட்டாள்.

பையை இவர்தான் அடுக்கினார். தன்னுடைய முதுகுப் பையில். உடுப்பை மடிக்காமல் உருட்டினார், இடம் மிச்சமாம். சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றி நடுவில். என்னென்ன வேண்டும் என்று அவளிடம் கேட்கவில்லை, எதை விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாக விட்டாள்.

அடுக்கி முடிந்த பிறகு நான் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கலியாண வீட்டுக்கு முதுகுப் பையோடு போகிற பெட்டை இல்லை. சாமான் வாங்குகிற பையில் போட்டு, மேலே என் கூறைச் சேலையும் ஒரு பெட்டிப் பலகாரமும் வைத்தேன். பள்ளிக்கூடக் கொப்பிகள் வேண்டாம்.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "இதெல்லாம் எங்க பழகினனீர்?" என்றார்.

13.02, திங்கள்

பனி. லொறி நேரத்துக்கே வந்துவிட்டது.

ரபீக் நானா இறங்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தவும் இல்லை. சுபைதா இறங்கி ஆரணியை ஏற்றி நடுவில் இருத்தினாள். ஆரணி அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டாள்.

சந்தியில் ஆட்கள் நின்றார்கள். நான் சத்தமாகச் சொன்னேன், "மாமிக்குச் சொல்லு, வெள்ளிக்கிழமை வருவம் எண்டு." நன்றாகத்தான் சொன்னேன்.

லொறி வெளிக்கிடும்போது இவர் என் காதுக்குள் கேட்டார். "நானாவை நம்பலாம்தானே?"

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனை, படகு ஓட்டினவனை, பெயர் தெரியாத ஊரில் தன் வீட்டில் படுக்க இடம் கொடுத்தவனை எல்லாம் ஒரு கேள்வி இல்லாமல் நம்பின மனிதர்.

"நம்பலாம்" என்றேன்.

இன்றைக்கு இவர் வேலைக்குப் போகவில்லை. மேசையில் இருந்து லீவுக் கடிதம் எழுதுகிறார். காரணம் என்ற இடம் வரைக்கும் எழுதிவிட்டார். அதில் என்ன போடுவது என்று என்னைக் கேட்கிறார்.